விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தது: பழைய கணினியை என்ன செய்வது, லினக்ஸுக்கு மாறலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. வீடு, கடை, சிறு அலுவலகம் என்று அந்தப் பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் இன்னும் ஏராளம். அவற்றில் பலவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். தெரிந்தவர்களுக்குக் கணினியை அதற்கு மாற்றிக் கொடுக்கும்போது என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆதரவு நின்றுவிட்டது என்கிறார்கள். என் கணினி நன்றாகத்தானே ஓடுகிறது?

ஓடும். இன்னும் பல ஆண்டுகள் ஓடும். ஆதரவு நின்றால் கணினி நிற்காது; அதற்கு வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் நிற்கும். வெளியே பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது என்பதால்தான் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

பக்கவிளைவுகள் மெதுவாக வரும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்தது. 2023 தொடக்கத்தில் குரோம் உலாவியும் அதைக் கைவிட்டது. விண்டோஸ் 10-க்கும் ஒரு நாள் இப்படித்தான் உலாவி, அலுவலக மென்பொருள், பிரின்டர் டிரைவர் என்று ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும்.

பாதுகாப்பு ஓட்டை என்று சொல்வது சரியாக எதை?

நிரலில் உள்ள ஒரு தவறு, வெளியாள் ஒருவர் உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் கணினியில் எதையாவது செய்ய வழிவிட்டால், அது பாதுகாப்பு ஓட்டை. இயங்குதளம் என்பது பல கோடி வரிகள் கொண்ட நிரல். தவறே இல்லாமல் அதை எழுதியவர் யாரும் இல்லை.

ஓர் உண்மையான உதாரணத்தைப் பார்ப்போம். ஒரே அலுவலகத்தில் உள்ள கணினிகள் கோப்புகளையும் பிரின்டரையும் பகிர்ந்துகொள்ள விண்டோஸில் எஸ்எம்பி என்றொரு ஏற்பாடு உண்டு. அதன் முதல் பதிப்பில், வலையமைப்பு வழியாக வரும் ஒரு தகவல் பொட்டலத்தின் அளவைக் கணக்கிடும் இடத்தில் தவறு இருந்தது. அளவு தவறினால், ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டிப் பக்கத்து இடத்திலும் எழுதலாம். அப்படி எழுதத் தெரிந்தவர் அந்தக் கணினியையே தன் பிடிக்குள் கொண்டுவரலாம். கடவுச்சொல் தேவையில்லை. உரிமையாளர் எதையும் கிளிக் செய்யவும் வேண்டியதில்லை.

இந்த ஓட்டையைப் பயன்படுத்தும் கருவிக்குப் பெயர் எடர்னல்புளூ. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கியதாகக் கூறப்படும் இதை, ஷேடோ புரோக்கர்ஸ் என்ற குழு 2017 ஏப்ரல் 14 அன்று இணையத்தில் கசியவிட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பே, மார்ச் 14 அன்றே, மைக்ரோசாஃப்ட் திருத்தத்தை வெளியிட்டிருந்தது. மே 12 அன்று வான்னாக்ரை வந்தது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு 300 டாலர் பிட்காயின் கேட்ட அந்தப் புழு, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தாவியது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையில் மட்டும் ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தானதாக அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது.

தேதிகளைக் கவனியுங்கள். திருத்தம் வந்து ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழித்துத்தான் தாக்குதல் நடந்தது. மாட்டிக்கொண்டவை பெரும்பாலும் திருத்தம் வெளிவந்திருந்தும் அதை நிறுவாத கணினிகள். எந்த இயங்குதளத்தைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: ஓட்டைக்கான திருத்தம் எவ்வளவு சீக்கிரம் வருகிறது, வந்தது உங்கள் கணினிவரை போய்ச் சேர்கிறதா.

புதிதாகக் கண்டுபிடிக்கும் ஓட்டைகள் விண்டோஸ் 11-இல்தானே இருக்கும்? பத்துக்கு என்ன ஆபத்து?

இரண்டும் பெருமளவு ஒரே நிரலின் மேல் கட்டப்பட்டவை. மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் திருத்தங்களை வெளியிடுகிறது. அன்றே தாக்குபவர்கள் பழைய கோப்பையும் திருத்திய கோப்பையும் அருகருகே வைத்து எந்த இடம் மாறியிருக்கிறது என்று ஒப்பிடுவார்கள். மாறிய இடத்தில்தான் ஓட்டை இருந்தது. அதே நிரல் பகுதி விண்டோஸ் 10-இலும் இருந்தால், அங்கே அது திறந்தே கிடக்கும். பதினொன்றுக்கு வரும் ஒவ்வொரு திருத்தமும், திருத்தம் கிடைக்காத பத்தின் பலவீனத்தை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுப் போகிறது.

நல்ல ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறேனே, போதாதா?

ஓரளவு உதவும். விண்டோஸ் 10-இலேயே உள்ள டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸுக்கே 2028 அக்டோபர் வரை புதிய வைரஸ் விவரங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் ஆன்டிவைரஸ் உள்ளே நுழையும் கோப்பைத்தான் பார்க்கிறது, ஓட்டையை அது அடைப்பதில்லை. இயங்குதளத்தின் கருவிலேயே ஓட்டை இருந்தால், அதன் வழியாக வருபவர் முதலில் அணைப்பதே ஆன்டிவைரஸைத்தான்.

நெட் இணைப்பே கொடுக்காமல் வைத்திருந்தால்?

நிஜமாகவே இணைப்பு இல்லாமல், கண்ட பென்டிரைவையும் செருகாமல் இருந்தால் பயன்படுத்தலாம். தராசோடு இணைந்த பில் மெஷின், பழைய ஸ்கேனர், லேத் கட்டுப்பாட்டுக் கணினி போன்றவற்றுக்கு இது நியாயமான வழி. வைஃபை கடவுச்சொல்லை மறக்கச் செய்துவிடுங்கள். "ஒரு நிமிஷம்தான்" என்று யாராவது இணைத்துவிடுவார்கள்.

பணம் கட்டினால் இன்னும் ஓராண்டு திருத்தம் கிடைக்குமாமே?

கிடைக்கும். நீட்டித்த பாதுகாப்புத் திருத்தத் திட்டம் என்று ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. தனிநபர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை. 30 டாலர் கட்டலாம், அல்லது கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்து இலவசமாகச் சேரலாம். எப்படிச் சேர்ந்தாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும், கணினியில் விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். நிறுவனங்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை உண்டு, ஆனால் முதலாண்டில் கணினிக்கு 61 டாலராகத் தொடங்கி ஆண்டுதோறும் இரட்டிப்பாகும்.

உங்கள் பிழைப்பு விண்டோஸ் மென்பொருள் ஒன்றை நம்பியிருந்தால் இதில் சேருங்கள். மாறுவதற்கு அவகாசம் கிடைக்கும்.

விண்டோஸ் 11 ஏன் என் கணினியில் ஏறமாட்டேன் என்கிறது? குறுக்குவழி இருக்கிறதாமே?

டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, கணினி தொடங்கும்போதே போலி மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் வசதி, ஏறத்தாழ எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்கு இணையான ஏஎம்டி செயலி, இவையெல்லாம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2018-க்கு முன் வாங்கிய கணினிகள் பெரும்பாலும் இங்கேயே கழிந்துவிடும்.

ரூஃபஸ் போன்ற கருவிகளால் இந்தச் சோதனையைத் தாண்டி நிறுவலாம் என்பது உண்மை. ஆனால் அப்படி நிறுவிய கணினிகளுக்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு மிகப் பழைய செயலிகளில் எந்தக் குறுக்குவழியாலும் ஓடாது. திருத்தம் நிச்சயமாக வர வேண்டும் என்பதற்காகத்தானே மாறுகிறோம்? அது நிச்சயமில்லாத இடத்துக்கு மாறச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

என் கணினியில் இருப்பது கிராக் விண்டோஸ். அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கணினிகள் பலவற்றில் ஆக்டிவேட்டர் (உரிமம் வாங்கியதுபோல் காட்டும் நிரல்) ஓட்டித்தான் விண்டோஸைப் போட்டுக் கொடுக்கிறார்கள். அந்த ஆக்டிவேட்டர் முதலில் சொல்வது என்ன? "டிஃபெண்டரை அணைத்துவிட்டு ஓட்டுங்கள்." காவலை விலக்கிவிட்டு, யார் எழுதியதென்று தெரியாத ஒரு நிரலுக்கு முழு அதிகாரம் கொடுக்கிறோம். அதற்குள் கடவுச்சொற்களைத் திருடும் நிரல் ஒளிந்திருந்த சம்பவங்கள் பல பதிவாகியிருக்கின்றன. அந்தக் கணினியில்தான் நெட் பேங்கிங்கும் நடக்கிறது.

கிராக் போட்டவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. உரிமக் கட்டணம் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு என்று ஆகும்போது மனிதர்கள் வேறு வழி தேடத்தான் செய்வார்கள். இலவசமாக, சட்டப்படி, திருத்தங்களோடு ஓர் இயங்குதளம் இருக்கும்போது இந்த ஆபத்தைச் சுமக்கத் தேவையில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

லினக்ஸில் வைரஸே வராது, ஓட்டையே இல்லை என்கிறார்களே?

அது தவறு. லினக்ஸை நேசிப்பவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நம்பிக்கையோடு மாறுபவர்கள் கவனக்குறைவாகிவிடுகிறார்கள்.

பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கும் பிகேஎக்ஸெக் என்ற சிறு கருவியில், சாதாரணப் பயனர் நிர்வாகி ஆகிவிடக்கூடிய ஓட்டை 2009 முதல் இருந்தது. வெளியே தெரிந்தது 2022 ஜனவரியில். யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய திறந்த நிரல்தான், ஆனாலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அது அப்படியே கிடந்தது.

இன்னொன்று இதைவிட ஆழமானது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற தொகுப்பை ஏறத்தாழ ஒரே ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கை சம்பாதித்து, பராமரிப்புப் பொறுப்பையும் வாங்கினார். 2024 தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசலைப் புதைத்தார். அந்தப் பதிப்பு பரவியிருந்தால், உலகம் முழுவதும் எண்ணற்ற சர்வர்களுக்குள் அவரால் தொலைவிலிருந்தே நுழைந்திருக்க முடியும்.

அதைப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். வேறு ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தவர், தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். விடாமல் நூல் பிடித்துப் போய், 2024 மார்ச் 29 அன்று பொதுவில் அறிவித்தார். டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் விநியோகங்களின் (லினக்ஸை ஒவ்வொரு குழுவும் தொகுத்துத் தரும் வடிவங்களின்) சோதனைப் பதிப்புகளுக்குள் அது நுழைந்திருந்தது, நிலையான பதிப்புகளுக்குள் இன்னும் வரவில்லை. திறந்த நிரல் என்பதால் ஃபிராய்ண்டால் தோண்டிப் பார்க்க முடிந்தது. அவர் அன்று கவனிக்காமல் விட்டிருந்தால்? அந்தக் கேள்விக்கு எனக்கு ஆறுதலான பதில் கிடைக்கவில்லை. இதுபோன்ற தொகுப்புகளைப் பராமரிப்பவர்களுக்குப் பணமும் ஆளும் கொடுக்காத வரை இந்தப் பலவீனம் தொடரும்.

அப்படியானால் லினக்ஸ் எந்த வகையில் மேல்?

சில விஷயங்களில் தெளிவாக மேல். முதலாவது, மென்பொருள் வரும் வழி. விண்டோஸில் ஒரு பிடிஎஃப் கருவி வேண்டுமென்றால் கூகுளில் தேடி, ஏதோ ஒரு தளத்தில் பெரிய பச்சைப் பொத்தானை அழுத்தி இறக்குகிறோம். போலி மென்பொருள் நுழைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். லினக்ஸில் மென்பொருள் மேலாளரைத் திறந்து தேடினால், அந்த விநியோகத்தைப் பராமரிப்பவர்கள் தொகுத்து டிஜிட்டல் கையொப்பமிட்ட மென்பொருள் கிடைக்கும். கையொப்பம் பொருந்தவில்லை என்றால் நிறுவாது.

இரண்டாவது, அப்டேட். உலாவி, லிப்ரே ஆபிஸ், படம் பார்க்கும் கருவி, கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் கரு எல்லாமே ஒரே இடத்திலிருந்து ஒரே சொடுக்கில் புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியாக "புதிய பதிப்பு உள்ளது" என்று தொந்தரவு செய்யாது. தொந்தரவு குறைந்தால் மனிதர்கள் அப்டேட் செய்கிறார்கள், இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, மேசைக்கணினி லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் குறைவு என்பதால் அவர்களைக் குறிவைப்பவர்களும் குறைவு. இது லினக்ஸின் திறமை அல்ல, சூழ்நிலை தரும் சலுகை. ஒரு நாள் மாறலாம்.

பின்தங்கிய இடமும் உண்டு. எக்ஸ்11 என்ற பழைய திரை ஏற்பாட்டில் ஓடும் ஒரு செயலி, பக்கத்துச் செயலியில் நீங்கள் தட்டுவதை ஒட்டுக்கேட்க முடியும். வேலேண்ட் என்ற புதிய ஏற்பாடு அதைத் தடுக்கிறது. உபுண்டு, ஃபெடோரா ஆகியவற்றில் வேலேண்ட் இயல்பாக வருகிறது. லினக்ஸ் மின்ட் 22 இன்னும் எக்ஸ்11-ஐத்தான் இயல்பாகத் தருகிறது.

மேக் வாங்கிவிட்டால் பிரச்சினை தீருமா?

பணம் இருந்தால் நல்ல தேர்வுதான். ஆனால் அதிலும் ஓட்டை உண்டு: 2017 நவம்பரில், ஹை சியரா பதிப்பில் பயனர் பெயராக "ரூட்" என்று எழுதி, கடவுச்சொல்லைக் காலியாக விட்டே நிர்வாகியாக உள்ளே போக முடிந்தது. ஆப்பிள் மறுநாளே திருத்தியது.

எந்த லினக்ஸைத் தேர்ந்தெடுப்பது? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

விண்டோஸிலிருந்து வருபவர்களுக்கு நான் கொடுப்பது லினக்ஸ் மின்ட். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று கை பழகியபடியே இருக்கும். 2024 ஜூலையில் வந்த மின்ட் 22 வரிசை, உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது. 2029 வரை திருத்தங்கள் உண்டு. 4 ஜிபி ரேம் இருந்தால் சின்னமன் பதிப்பு, அதற்கும் குறைவென்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டால் பத்து வருடப் பழைய கணினியும் புதிது போல் எழுந்துவிடும். புதுக் கணினி வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

டாலி, ஃபோட்டோஷாப், எக்ஸெல் எல்லாம் ஓடுமா?

டாலி பிரைம் விண்டோஸுக்கு மட்டுமே. வைன் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் கருவி) வழியாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கணக்கு வழக்கை அந்த நிச்சயமின்மையில் வைக்க வேண்டாம். ஃபோட்டோஷாப், கோரல்டிரா, பேஜ்மேக்கர் மூன்றுக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்க்ரைபஸ் நல்ல மாற்றுகள்தான், ஆனால் திருமணப் பத்திரிகை சீசன் நடுவில் கைவேகத்தை மாற்றச் சொல்வது நியாயமில்லை. பயோமெட்ரிக் கருவிகளும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களும் பெரும்பாலும் விண்டோஸை மனதில் வைத்தே தயாரிக்கப்படுகின்றன. உங்கள் மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எக்ஸெல், வேர்டு கோப்புகளை லிப்ரே ஆபிஸ் திறக்கும். மேக்ரோ நிறைந்த ஷீட் மட்டும் சண்டை போடும். உலாவியில் நடக்கும் எதுவும், அதாவது வங்கி, மின்கட்டணம், ரயில் டிக்கெட், ஆன்லைன் வகுப்பு, அப்படியே நடக்கும். ஒரு வாரம் நீங்கள் திறக்கும் செயலிகளைத் தாளில் குறித்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பட்டியல் உலாவியோடு முடிந்துவிடும்.

தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா? என் பழைய பாமினி கோப்புகள் என்ன ஆகும்?

தாராளமாக முடியும். மின்ட் மெனுவில் உள்ள உள்ளீட்டு முறை என்ற பகுதியில் ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் என்ற தட்டச்சுக் கருவியை நிறுவி, பல மொழி விசைமுறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி முறை எல்லாம் வரிசையாக நிற்கும். ஒரு விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள்: விசைப்பலகை அமைப்புகளிலும் "தமிழ்நெட் 99" என்று ஒரு தேர்வு தெரியும். அதைத் தேர்ந்தெடுத்தால் விசைகள் சரியான இடத்தில் இருக்கும், ஆனால் "க"வை இருமுறை தட்டினால் "க்க" ஆகாது, தானாகப் புள்ளி விழாது. அந்த அறிவு எம்17என் வழியாக வரும் தமிழ்99-இல்தான் உண்டு. நிறுவிய பின் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள். இல்லாவிட்டால் மொழி மாற்றும் விசை வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் யுனிகோடு அல்ல. அந்த எழுத்துருக் கோப்புகளைப் பழைய கணினியிலிருந்து நகலெடுத்து நிறுவினால் லினக்ஸிலும் அவை தெரியும். ஆனால் இந்த மாற்றத்தைச் சாக்காக வைத்து அவற்றை யுனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது. ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நிரல் தொகுப்பில் அதற்கான வசதி இருக்கிறது, இணையத்திலும் மாற்றிகள் உண்டு. மாற்றிய பின் "ஸ்ரீ", "க்ஷ" மாதிரியான இடங்களையும் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள்.

பிரின்டர்?

எச்பி பிரின்டர்கள் பெரும்பாலும் செருகியவுடன் வேலை செய்யும். லேசர்ஜெட் 1020 போன்ற சிலவற்றுக்கு மட்டும் எச்பிஎல்ஐபி கருவியில் கூடுதல் செருகுநிரல் ஒன்றை இறக்க வேண்டும். எப்சன் எல் வரிசைக்கும் டிரைவர் உண்டு. ஜெராக்ஸ் கடைகளிலும் அலுவலகங்களிலும் எங்கும் தென்படும் கேனன் எல்பிபி 2900-தான் சிரமம் தரும். அது கேப்ட் என்ற தனி முறையில் பேசுகிறது. லினக்ஸ் டிரைவர் பழையது, ஓட வைப்பது பொறுமையைச் சோதிக்கும். அந்த பிரின்டரை நம்பித் தொழில் நடத்துபவர், அதனோடு இணைந்த கணினியை மட்டும் விண்டோஸிலேயே வைத்துக்கொள்ளலாம்.

சரி, எப்படி மாறுவது?

முதலில் படங்கள், ஆவணங்கள், உலாவிக் குறிப்புகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். நகலெடுத்ததை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே போகாதீர்கள்.

அடுத்து பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி. பல மடிக்கணினிகளில் உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பூட் அமைப்பை மாற்றியவுடன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுத் திரை நீலமாகி நிற்கும். ஆகவே முன்கூட்டியே விண்டோஸ் அமைப்புகளில் குறியாக்கத்தை அணையுங்கள், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ள சாவியைத் தாளில் எழுதி வையுங்கள்.

மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவும் கோப்பை) அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி, கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க அங்கே கொடுத்திருக்கும் ஷா256 எண்ணோடும் கையொப்பத்தோடும் ஒப்பிடுங்கள். இதைப் பலர் தேவையில்லாத சடங்கு என்று நினைக்கிறார்கள். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் தளமே ஊடுருவப்பட்டு, இறக்கும் சுட்டி பின்வாசல் வைத்த போலி ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிடப்பட்டது. அப்படிப்பட்ட போலியைப் பிடிக்கத்தான் இந்த ஒப்பிடல்.

பிறகு ரூஃபஸ் அல்லது எட்சர் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, கணினியை அதிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் எஃப்12 அல்லது எஃப்9 விசை. நிறுவாமலேயே மின்ட் ஓடும். வைஃபை, ஒலி, கேமரா, பிரின்டர், மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பது வரை அங்கேயே சோதியுங்கள். மனதுக்குப் பிடித்த பிறகு நிறுவினால் போதும். நிறுவும்போது டிஸ்க் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், மடிக்கணினி என்றால் கட்டாயம்.

விண்டோஸும் இருக்கட்டும், லினக்ஸும் இருக்கட்டும் என்றால்?

முடியும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்து அந்த டிஸ்க்கில் எழுத முடியாமல் போகும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் படிப்பதுதான் காரணம். ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் ஆதரவு முடிந்த விண்டோஸை அருகில் வைத்துக்கொண்டு அதிலேயே வங்கி வேலை பார்த்தால், மாறியதில் பயனில்லை.

மாறிய பிறகு கவனிக்க வேண்டியவை?

அப்டேட் மேலாளரின் கேடயச் சின்னத்தில் புள்ளி தெரிந்தால் அன்றே அப்டேட் செய்யுங்கள். வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் மின்ட்டில் இயல்பாக அணைந்திருக்கும், ஒரு சொடுக்கில் போட்டுவிடுங்கள். மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்ட் என்ற காப்புக் கருவி அமைப்புக் கோப்புகளைத்தான் சேமிக்கும், உங்கள் படங்களை அல்ல; அவற்றுக்குத் தனிக் காப்பு வேண்டும். இணையத்தில் யாரோ கொடுத்த கட்டளையை, அது என்ன செய்யும் என்று தெரியாமல் சூடோ (நிர்வாகி அதிகாரம் தரும் சொல்) போட்டு டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் ஒட்டாதீர்கள். விண்டோஸில் ஆக்டிவேட்டர் ஓட்டுவதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. போலி வங்கித் தளத்தில் நீங்களே கடவுச்சொல்லைத் தட்டினால் எந்த இயங்குதளமும் தடுக்காது.

பெரிய அமைப்புகள் யாராவது மாறியிருக்கிறார்களா?

கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கணினிக் கல்வி நடத்துகின்றன. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு, கைட் என்ற அரசு அமைப்பு அவர்களுக்கென்றே ஓர் இயங்குதளத்தைத் தொகுத்துத் தருகிறது. பிரான்ஸின் ஜான்டார்மரி காவல்படை 2008 முதல் உபுண்டுவுக்கு நகர்ந்தது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 30,000 கணினிகளை மாற்றும் முடிவை 2024-இல் அறிவித்தது. முனிச் நகராட்சி மட்டும் எதிர்த் திசையில் போனது: ஏறத்தாழ 15,000 கணினிகளை 2013-க்குள் மாற்றிவிட்டு, 2017-இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது.

தமிழ்நாட்டில் மாநில அரசின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கிலேயே சூசே லினக்ஸைப் பயன்படுத்தத் தொடங்கியது. மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் மத்திய அரசின் சி-டாக் அமைப்பு சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவே இல்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போனதே காரணம் என்று நான் நினைக்கிறேன். கேரளம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, பாடப்புத்தகத்தையும் அதற்கேற்ப எழுதியது.

என்னிடம் இருப்பது 32 பிட் கணினி, 2 ஜிபி ரேம். அதற்கு?

பெரிய விநியோகங்கள் 32 பிட் கணினிகளைக் கைவிட்டு வருகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அதற்கான நிறுவி இல்லை. இணையத்துக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். பழைய 64 பிட் கணினியை இரண்டாம் கையாக வாங்குவது நல்லது.

நடுவில் மாட்டிக்கொண்டால் தமிழில் யாரைக் கேட்பது?

கணியம் தளத்தில் லினக்ஸ் பற்றிய கட்டுரைகளும் மின்னூல்களும் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் ஆகிய ஊர்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் இயங்குகின்றன, தமிழிலேயே கேட்கலாம். போகும்போது கணினியின் மாடல், மின்ட் பதிப்பு, திரையில் வந்த பிழைச் செய்தியின் படம் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். "வேலை செய்யல" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. பிழைச் செய்தியின் கடைசி இரண்டு வரியைப் பார்த்தாலே பாதிப் பிரச்சினை அங்கேயே பிடிபட்டுவிடும்.